பொன்னாடை வேண்டாம், மைக்கைக் கொடுங்கள்

தம்பி,

போனில் நீ பேசி முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். அம்மா அழுகிறாள் என்று நினைத்திருப்பாய். அழவில்லை. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, இறக்கி வைக்கப் போனேன். பிறகுதான் யோசித்தேன். போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் "அம்மா, அம்மா" என்று குறுக்கே விழுவாய். எழுதினால் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும். அதனால் எழுதுகிறேன். இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. ஆஸ்பத்திரி விழாவில் நான் பேசியதை யாரோ வீடியோ எடுத்து நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார்கள் அல்லவா, அதே குரூப்பில் இதையும் போடு. எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். "அம்மாவுக்கு வயசாயிருச்சு, ஏதோ ஆத்திரத்துல பேசிட்டாங்க" என்று பெண் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாய். உன் வருங்கால மாமியார் எனக்கே போன் போட்டு, "பரவாயில்லைங்க, எங்க அம்மாவும் இப்படித்தான்" என்று ஆறுதல் வேறு சொன்னார். ஆத்திரத்தில் பேசவில்லை தம்பி. விழா அழைப்பிதழில் தனசேகரன் பெயரைப் பார்த்த அன்றைக்கே முடிவுசெய்துவிட்டேன். எந்தச் சேலை கட்டுவது, எந்த வரிசையில் உட்காருவது, எந்த வார்த்தையை முதலில் சொல்வது, எல்லாம் யோசித்துத்தான் போனேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்தேன். நீ பிறப்பதற்கு முந்தின வருடம் நடந்த காரியம் அது. உன் வயது முழுக்க நான் அந்த நாளுக்காகக் காத்திருந்தேன்.

உனக்கு இப்போது கவலையெல்லாம் மண்டபம்தான். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு என்னைக் கேட்காமல் நீயாகப் பிடித்த மண்டபம். தனசேகரன் மண்டபத்தில் வரவேற்பு என்று பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. விழா முடிந்த மறுநாளே மண்டபத்து மேனேஜர் கூப்பிட்டு, அந்தத் தேதியில் மராமத்து வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டான். "ஒரே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா என்னம்மா குறைஞ்சு போயிருவ?" என்று கேட்டாய். கேட்கமாட்டேன். ஏன் என்று விளங்க வேண்டுமானால் அந்த ஆஸ்பத்திரியின் கதை உனக்குத் தெரிய வேண்டும். பளபளவென்று விழா மலரில் அச்சடித்திருக்கிறார்களே, அந்தக் கதை அல்ல.

அங்கேதான் நீ பிறந்தாய். நான் படித்ததும், ரிட்டயர் ஆகும்வரை வேலை பார்த்ததும் அங்கேதான். கன்னியர்கள் ஆரம்பித்த ஆஸ்பத்திரி என்பது உனக்குத் தெரியும். அவர்களை இந்த ஊர் எப்படி வரவேற்றது என்று தெரியாது. கப்பலேறி வந்து, ரயில் மாறி மாறி வந்து, காரைக்குடியில் இறங்கியவர்கள் நாலு வெள்ளைக்காரச் சிஸ்டர்கள். பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் முன்பகுதியை வாடகைக்குப் பிடித்து மருந்து கொடுக்க உட்கார்ந்தார்கள். ஒருத்தரும் எட்டிப்பார்க்கவில்லை. போனால் வேதத்தில் சேர்த்துக் கிறிஸ்தவர்களாக்கிவிடுவார்கள் என்று மற்றவர்களுக்குப் பயம். வேதக்காரர்களான நம் ஆட்களும் போகவில்லை. வயிற்றுவலி என்று போனால் இந்த அம்மா கண்ணை விரித்துப் பார்க்கிறாள், தமிழும் தெரியவில்லை என்று கேலி பேசினார்கள். சரி, அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கண்டரமாணிக்கம், நாட்டரசன்கோட்டை என்று ஊர் ஊராகப் போனார்கள். அங்கே அவர்கள் பார்த்தது என்ன தெரியுமா? ஆம்பிளை டாக்டரிடம் உடம்பைக் காட்டக்கூடாது என்று, பெரிய பெரிய வீடுகளுக்குள்ளேயே பிள்ளைப்பேற்றில் செத்துக்கொண்டிருந்த பெண்களை. அப்படிச் சாகக் கிடந்த ஒரு செட்டியார் வீட்டு ஆச்சியைக் காப்பாற்றியதில்தான் ஊர் நம்பியது. அந்த ஆச்சி வீட்டார் இடம் கொடுத்தார்கள். பிரசவ வார்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்துக் கொடுத்தார்கள். பொம்பளைகளுக்காக, பொம்பளைகள் கட்டிய ஆஸ்பத்திரி அது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது வெள்ளைக்காரச் சிஸ்டர்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். பிரசவ வார்டுக்குப் பொறுப்பு டாக்டர் சிஸ்டர் பெலிசித்தா. கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். வார்டுக்கு அந்தக் கோடியில் பேசினால் இந்தக் கோடியில் கேட்கும். புனிதை, சாந்தசொரூபி என்றெல்லாம் மலரில் எழுதியிருக்கிறார்கள். சாந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. கருவியைச் சரியாகக் கொதிக்க வைக்கவில்லை என்று என் புறங்கையில் இடுக்கியால் ஒரு போடு போட்டிருக்கிறார். ஆனால் கர்ப்பிணிகள் வந்தால் முதல் கேள்வி "சாப்பிட்டியா மக்களே?" என்பதுதான். கூட வரும் புருஷன்மாரை மட்டும் சும்மா விடமாட்டார். சிங்கம்புணரியில் இருந்து ஒருவன் நிறைமாதப் பெண்ணைப் பஸ்ஸில் நிற்கவைத்துக் கூட்டிவந்தான். ஏன் என்று கேட்டதற்கு, இடம் இல்லை என்றான். "நீ உட்கார்ந்துதானே வந்தே?" என்று கேட்டு, அவனை அன்றைக்கு முழுக்க வெளியே நிற்கவைத்தார். வார்டே சிரித்தது.

அந்த வார்டுக்குத்தான் இந்திராணி வந்தாள். மரக்கடை தனசேகரனின் பெண்டாட்டி. அப்போது அவன் கவுன்சிலரும் இல்லை, மண்டபக்காரனும் இல்லை. புதிதாகப் பெரிய மரக்கடை கட்டிக்கொண்டிருந்த ஆள், அவ்வளவுதான். அவளுக்கு முதல் பிரசவம். சின்னப் பெண். சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். அன்றைக்கு ஓ.பி.யில் அவளுக்குப் பிரஷர் பார்த்தது நான்தான். அவ்வளவு ஏறியிருந்தது, நம்பாமல் மறுபடியும் பார்த்தேன். கால் வீங்கி மெட்டி சதையில் புதைந்திருந்தது. முகம் உப்பியிருந்தது. தலைவலி, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "இப்பமே அட்மிட் பண்ணணும். வீட்டுக்குக் கொண்டுபோகப்பிடாது" என்று தனசேகரனிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு முழம் தள்ளி. அவன் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "கடை திறப்பு வச்சிருக்கோம் சிஸ்டர். பெரிய பெரிய ஆளுகள்லாம் வாராக. வீட்டுக்காரி இல்லாம எப்படி? அது முடியட்டும், நானே கொண்டாந்து சேக்குறேன்."

சிஸ்டர் விடவில்லை. வலிப்பு வரும், தாயும் போகும் பிள்ளையும் போகும் என்று பச்சையாகச் சொன்னார். அவன் சிரித்தான். "எங்காத்தாவுக்கும் கால் வீங்கிச்சு, ஏழு பெத்தா." இந்திராணி என் கையைப் பிடித்தாள். "நான் இங்கனயே இருந்துக்கிறேன்னு சொல்லுங்க அக்கா" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நான் அவனிடம் சொன்னேன், "அண்ணே, அவகளே இருக்கேங்கிறாக." அவன் என்னைப் பார்க்கவே இல்லை. பெண்டாட்டியைப் பார்த்து, "எந்திரி" என்றான். எழுந்து போனாள்.

கடை திறப்பு முடிந்த மறுநாள் காலையில் அவளை வேனில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே வலிப்பு. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். திறப்புக்கு வந்தவர்களை எல்லாம் நின்றுகொண்டே வரவேற்றாளாம். தலை வெடிக்கிறது என்று சொல்லச் சொல்ல, தைலம் தேய்த்துவிட்டு மறுபடியும் நிற்கவைத்தார்களாம். இதைச் சொன்னது அவளேதான், வலிப்பு நின்று நினைவு வந்த கொஞ்ச நேரத்தில். சிஸ்டர் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார். பெண் குழந்தை, நன்றாக அழுதது. இந்திராணியை எங்களால் நிறுத்த முடியவில்லை. ரத்தம் உறையவே இல்லை. சிஸ்டர் தன் ரத்தத்தையே எடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார். அதுவும் ஏற்றினோம். அன்று மத்தியானம் அவள் போய்விட்டாள்.

சாயங்காலம் அவன் ஆட்களோடு வந்தான். நாலைந்து லோடுமேன்கள், கூடச் சேர்ந்துகொண்ட தெருக்கூட்டம். மருந்துக் கவுன்டர் கண்ணாடியை உடைத்தார்கள். "எம் பொண்டாட்டியக் கொன்னுபுட்டாளுக! வேணும்னே கொன்னுட்டாளுக!" என்று கத்தினான். சிஸ்டர் ஓடி ஒளியவில்லை. போர்ட்டிகோவுக்கு இறங்கிவந்தார். பிள்ளையைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவன் அவருடைய தலை முக்காட்டைப் பிடித்து இழுத்து, தரையில் போட்டு மிதித்தான். அவரது முடியை யாரும் பார்த்ததில்லை. ஒட்ட வெட்டிய நரைமுடி. ஆஸ்பத்திரி முழுக்கப் பார்க்க, அந்த நரைமுடியோடு அவர் நின்றார். நான் ஓடிப்போய் என் சேலை முந்தானையை அவர் தலைமேல் போட்டேன். அப்போது அவன் கை என் கன்னத்தில் விழுந்தது. இது உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

போலீஸ் வந்தது. அவன் தரப்பில் ஊரே பேசியது. மறுநாள் சுவரெல்லாம் போஸ்டர். ஓ.பி.யில் நடந்ததைச் சொல்கிறேன் என்று நான் கிளம்பினேன். சிஸ்டர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "நீ பேசப்பிடாது மக்களே" என்றார். ஏன் சிஸ்டர் என்றேன். "அந்தப் பிள்ளைக்கு இனி ஆருண்டு? தகப்பன் ஒருத்தன்தானே? அவன்தான் அம்மையைக் கொன்னான்னு ஊரு பேசினா, அவன் அதை வளப்பானா? தூக்கி எங்கயாச்சும் எறிஞ்சிருவான். பிள்ளை வளரட்டும், கேட்டியா?" என்றார். அவர்களுடைய சபையின் மேலிடமும் சண்டை வேண்டாம் என்று முடிவெடுத்தது. சமாதானம் என்ற பெயரில், தப்புச் செய்தவரைப் போல அவரை வடக்கே ஒரு காட்டு மிஷனுக்கு மாற்றினார்கள். பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பப் போனது நானும் இரண்டு ஆயாக்களும்தான். அவர் கையால் பிறந்த பிள்ளைகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒருத்தரும் வரவில்லை. அவர் திரும்பவும் இந்த ஊருக்கு வரவே இல்லை. அங்கேயே செத்து அங்கேயே அடக்கம்.

நான் வாயை மூடிக்கொண்டேன். சம்மதித்து மூடவில்லை, அவர் சொன்னதற்காக மூடினேன். அவர் மன்னித்தார். அது அவருடைய வேலை, அதற்காகத்தான் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆனார். நான் தாலி கட்டிக்கொண்டு பிள்ளை பெற வந்தவள். நான் மன்னிக்கவில்லை. ஒவ்வொரு பூசையிலும் "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல" என்று வரும்போது நான் வாயை அசைக்காமல் நின்றிருக்கிறேன். சின்ன வயதில் நீ கூட ஒருமுறை கேட்டாய், "அம்மா, ஏன் நீ அதை மட்டும் சொல்லல?" என்று. தொண்டை கரகரப்பு என்றேன்.

அந்தச் சாவை வைத்துத்தான் அவன் மேலே வந்தான். ஆஸ்பத்திரி அநியாயத்தை எதிர்த்து நின்ற ஆள் என்று சொல்லிக் கவுன்சிலர் ஆனான். வருடம் திரும்புவதற்குள் இரண்டாம் கல்யாணம். அப்புறம் மண்டபம். வயசு ஏற ஏறக் கொடைவள்ளல் ஆனான். எங்கள் ஆஸ்பத்திரிக்கே குடிதண்ணீர்த் தொட்டி கட்டிக்கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு வைத்திருக்கும் புனிதரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டான். பழைய சிஸ்டர்கள் ஒவ்வொருவராகப் போய்ச்சேர, புதிதாக வந்த சின்னச் சிஸ்டர்களுக்கு அவன் நல்ல அங்கிள். வராந்தாவில் எதிர்ப்பட்டால் என்னைப் பார்த்து, "என்ன சிஸ்டர், நல்லா இருக்கீகளா?" என்று சிரிப்பான். என் கன்னத்தில் அடித்தது அவனுக்கு ஞாபகமே இல்லை தம்பி. அதுதான் என்னை எரித்தது. ஒருமுறை அவனுக்கு ஊசி போட வேண்டிவந்தது. ஒழுங்காகத்தான் போட்டேன். வேலை வேறு, பகை வேறு. சிஸ்டர் பெலிசித்தா இறந்த செய்தி வந்து சிற்றாலயத்தில் செபம் சொன்னபோது அவன் ஆளுயர மலர்வளையம் அனுப்பினான். எல்லோரும் போனபின் அதைத் தூக்கிக் குப்பை எரிக்கும் இடத்தில் போட்டுத் தீ வைத்தேன். எரியும்வரை நின்று பார்த்தேன்.

இப்போது விழாவில் நடந்ததற்கு வருகிறேன். சிஸ்டரின் படத்தைத் திறந்துவைக்க அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். நினைத்துப்பார். அவனை! கூப்பிட்ட சின்னச் சிஸ்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவள் அப்போது பிறந்திருக்கவே மாட்டாள். ரிப்பனை இழுத்துப் படத்தைத் திறந்துவிட்டு அவன் பேசினான். "சிஸ்டர் என்னையத் தம்பின்னுதான் கூப்பிடுவாக. என் மனைவி கடைசி நேரத்துல என் ஒரு கையையும் சிஸ்டர் கையையும் பிடிச்சுக்கிட்டுத்தான் கண்ண மூடுனா" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். கூட்டம் உச்சுக்கொட்டியது. பிறகு ரிட்டயர் ஆன நர்ஸ்களுக்கு அவன் கையால் பொன்னாடை. என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினேன். பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தான். "பொன்னாடை வேண்டாம், மைக்கக் குடுங்க" என்றேன். நன்றி சொல்லப்போகிறேன் என்று நினைத்து அவனே மைக்கை எடுத்துக் கொடுத்தான்.

மீதியை நீ வீடியோவில் பார்த்துவிட்டாய். ஓ.பி.யில் நடந்தது, கடை திறப்பு, முக்காட்டை மிதித்தது, எல்லாம் சொன்னேன். குரல் உயர்த்தவில்லை. அவன் சிரித்து மழுப்பப் பார்த்தான். "அம்மாவுக்கு உடம்புக்கு முடியல போல" என்றான். "உங்க பொண்டாட்டி இறக்கும்போது நீங்க அந்த ரூம்லயே இல்லையே. வெளிய லோடுமேன்களுக்கு ஆள் அனுப்பிக்கிட்டு இருந்தீக. கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது நானு" என்றேன். அவன் விரித்த பொன்னாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் கைமேலேயே போட்டுக்கொண்டு, ஓட்டல் சர்வர் மாதிரி நின்றான். அந்தக் காட்சி வீடியோவில் சரியாக விழவில்லை. எனக்குக் கண்ணுக்குள் இருக்கிறது, போதும்.

வீடியோவில் விழாத இன்னொன்றும் உண்டு. அவன் மகள் தேன்மொழி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நான் துடைத்துத் துணியில் சுற்றிய அந்தக் குழந்தை. இப்போது டீச்சர், ஒரு பிள்ளைக்குத் தாய். பேச ஆரம்பிக்கும்போதே அவளைப் பார்த்துவிட்டேன். நிறுத்தவில்லை. பிள்ளை வளரட்டும் என்றுதான் சிஸ்டர் சொன்னார். வளர்ந்துவிட்டாள்.

போன வாரம் நம் கோவில் பங்கிலிருந்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரைச் சமாதானம் பேச அனுப்பினான் தனசேகரன். வயசான காலத்தில் ஞாபகம் பிசகிவிட்டது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். மண்டபம் உனக்குத் திரும்பக் கிடைக்குமாம். பிரசவ வார்டையே புதுப்பித்து அதற்குச் சிஸ்டர் பெலிசித்தா பெயரை வைப்பானாம். "நல்லா வைக்கச் சொல்லுங்க சார். கீழ, 'இவரை அடித்து விரட்டியவர் அன்பளிப்பு'ன்னும் சேத்து எழுதச் சொல்லுங்க" என்றேன். வாத்தியார் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து வந்தவள் தேன்மொழி. நாலு நாளைக்கு முன்னால் ஒரு மத்தியானம், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாக வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன். உட்கார்ந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"நீங்க சொன்னதெல்லாம் நெசமா?"

"நெசம்தாம்மா."

"எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு அத்தன பேர் முன்னாடி?"

"ஒங்ககிட்டத் தனியாச் சொல்லியிருந்தா நீங்க அழுதுருப்பீக. ஒங்க அப்பா மேடையில உக்காந்துருப்பாரு."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள். "எங்கம்மா என்னையப் பாத்தாகளா?"

ஆபரேஷன் மயக்கம் தெளிந்ததும் பார்த்தாளே என்றேன். கண் மங்கிவிட்டது, பக்கத்தில் கொண்டுவரச் சொன்னாள், நான்தான் பிள்ளையை அவள் முகத்தோடு வைத்தேன், விரலால் மூக்கைத் தடவி, "இது எங்கம்மா மூக்கு" என்று சொன்னாள், சிரித்தாள், அப்போதும் வாயை மூடிக்கொள்ளக் கையைத் தூக்கப் பார்த்தாள் என்று சொன்னேன். தேன்மொழி சத்தம் போட்டு அழுதாள். அந்த மாதிரி அழுகையை நான் வார்டில்தான் கேட்டிருக்கிறேன். அழுகைக்கு நடுவில் அவள் சொன்னதைக் கேள் தம்பி. "எங்கம்மா என்னையப் பாக்கவே இல்லன்னுதான் சொல்லி வச்சிருந்தாக. எங்க சித்தி நெதமும் சொல்லும், 'பொறக்கும்போதே ஆத்தாளத் தின்னுட்டு வந்தவ'ன்னு. அப்பா பக்கத்துல உக்காந்து சோறு திண்டுக்கிட்டு இருப்பாக. ஒரு நாள்கூட இல்லன்னு சொன்னதில்ல. நான்தான் எங்கம்மாவக் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இம்புட்டு நாளும் இருந்தேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பிள்ளையைக் காப்பாற்றத்தானே சிஸ்டர் தன் நல்ல பெயரையே விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்? சிஸ்டர் தலையில் போட்டது போதாது என்று, வீட்டுக்குள் அதே பழியைப் பெற்ற பிள்ளையின் தலையிலும் போட்டிருக்கிறான். நான் இத்தனை வருடம் கடைப்பிடித்த மௌனத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண்ணைத் தினமும் கொன்றிருக்கிறான். நீ என்னடா என்றால் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாய்.

தேன்மொழி என் வீட்டிலிருந்து நேரே போய் அவனிடம் கேட்டிருக்கிறாள். அவன் இல்லை என்று சொல்லவில்லையாம். "அப்ப சூழ்நிலை அப்படி" என்றானாம். அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டை விட்டுப் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் போன் போட்டால் எடுப்பதில்லை. பேரன் முகத்தைக் காட்டச் சொல்லி ஆள்மேல் ஆள் விடுகிறானாம். இதைக் கேட்டு எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். சந்தோஷமாக இருந்தது. சிஸ்டராக இருந்தால் அந்த ஆளுக்காகவும் செபித்திருப்பார். நான் அன்றைக்கு வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது. மற்ற அம்மாக்கள் மாதிரி அனுசரித்துப்போ, விட்டுக்கொடு என்று சொல்ல எனக்கு வராது. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் பெண்டாட்டி தலை வலிக்கிறது என்று சொன்னால், எந்தப் பெரிய ஆள் எதிரே உட்கார்ந்திருந்தாலும் எழுந்து அவளோடு போ. நீ என் வயிற்றில் இருந்தபோது எனக்கும் கால் வீங்கியது. உன் அப்பா பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நின்றிருந்தவர், செய்தி கேட்டதும் விடைத்தாளைப் பக்கத்து வாத்தியார் கையில் திணித்துவிட்டுச் சைக்கிளில் வந்தார். அதற்காக அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. "பெண்டாட்டி கால் வீங்கியது" என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார். அப்படிப்பட்டவருக்குப் பிறந்தவன் நீ. மண்டபம் போனதற்காக அழாதே. கோவிலுக்குப் பின்னால் பங்கு ஹால் இருக்கிறது, ஃபாதரிடம் பேசிவிட்டேன். ஏ.சி. கிடையாது. தேன்மொழி குடும்பத்தோடு வருகிறாள், நான் அழைத்திருக்கிறேன். வாசலுக்குப் போய் "வாங்கக்கா" என்று கூட்டிவந்து நீதான் உட்காரவைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நேற்றுச் சாயங்காலம் தனசேகரன் தானே என் வீட்டு வாசலுக்கு வந்தான். கார் இல்லை, கூட ஆள் இல்லை. உள்ளே கூப்பிடவில்லை, கேட்டைத் திறக்கவும் இல்லை. மண்டபத்தைப் பற்றியோ மன்னிப்பைப் பற்றியோ அவன் பேசவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "அவ கடைசியா... என்னையப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

சொன்னாள். போவதற்குக் கொஞ்சம் முன்னால், பிள்ளையைத் தடவிய அதே விரலால் என் கையைச் சுரண்டி அவனைப் பற்றி ஒன்று சொன்னாள். "சொன்னாக" என்று மட்டும் அவனிடம் சொன்னேன். என்னவென்று கேட்டான். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். ரொம்ப நேரம் அங்கேயே நின்றான். அது என்னவென்று உனக்கும் எழுதமாட்டேன். இந்தக் கடிதம் கைமாறிக் கைமாறி எப்படியும் அவனிடம் போகும் என்று எனக்குத் தெரியும். தேன்மொழியிடம் சொல்லிவிட்டேன். அப்பனுக்குச் சொல்வதா வேண்டாமா என்று அவள் முடிவுசெய்யட்டும்.

உன் அம்மா